வாசகர் கேள்வி – பதில்: யுகுலேலேயின் நான்காவது தந்தி

மகளுக்கு யுகுலேலே (நாலு தந்தி கொண்ட குட்டிக் கிட்டார்) வாங்கினோம். கிட்டாரில் மேல் தந்திதான் தடிமனாக, கனத்த ஒலியோடு இருக்கும். இதிலோ மெலிதாக, உச்சத்தில் ஒலிக்கிறது. கடையில் தந்தியை மாற்றிக் கட்டிவிட்டார்களா? நாலு கார்டு அடிப்பதைத் தாண்டி இதில் ஏதாவது வாசிக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து கீழாக ‘ஜி’, ‘சி’, ‘இ’, ‘ஏ’. இவற்றில் தாழ்ந்தது இரண்டாவதாக உள்ள ‘சி’, சுமார் 262 ஹெர்ட்ஸ். மேலே உள்ள ‘ஜி’ 392, கடைசியில் உள்ள ‘ஏ’ 440. இரண்டு ஓரத் தந்திகளும் அடுத்தடுத்த சுரங்கள். இந்த வாத்தியத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

1879 ஆகஸ்டில் ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் போர்த்துகலின் மடீராத் தீவிலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஹொனலூலு வந்து சேர்ந்தது. அதில் வந்த மானுவல் நுனெஸ் உள்ளிட்ட மூன்று தச்சர்கள் பிறகு அங்கே வாத்தியம் செய்து விற்கத் தொடங்கினார்கள். மஷேட்டே என்ற நாலு தந்தி வாத்தியத்தின் சிறிய உடலும், ரஜாவ் என்ற ஐந்து தந்தி வாத்தியத்தின் சுருதி முறையும் சேர்ந்ததுதான் யுகுலேலே. மேல் தந்தி உயர்ந்த சுருதியில் ஒலிப்பது ரஜாவிடமிருந்து வந்த வழக்கம்.

இதனால் என்ன லாபம்? ஒரே தந்தியில் சுரங்களை அடுத்தடுத்து வாசித்தால், அடுத்த சுரம் முந்தையதை அறுத்துவிடும். வெவ்வேறு தந்திகளில் பிரித்து வாசித்தால் ஒன்று ஓயுமுன் மற்றொன்று எழும். வீட்டில் மணி கட்டித் தொங்கவிட்டதுபோல் கேட்கும். இதற்குக் காம்பனெல்லா என்று பெயர். பரோக் காலக் கிட்டாரின் உத்தி இது. ஜான் கிங் என்ற கலைஞர் இதே முறையில் பரோக் இசையமைப்பாளர் பாஹின் படைப்புகளையே யுகுலேலேயில் வாசித்துக் காட்டினார்.

மகளை இப்படி வாசிக்கச் சொல்லுங்கள்: ‘சி’ தந்தி வெறுமனே, ‘சி’ 2ஆம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி), ‘இ’ வெறுமனே, ‘இ’ 1ஆம் ஃப்ரெட், ‘ஜி’ வெறுமனே, ‘ஏ’ வெறுமனே, ‘ஜி’ 4ஆம் ஃப்ரெட், ‘ஏ’ 3ஆம் ஃப்ரெட். ஒரு முழு ஸ்கேல் முடிந்துவிடும். கடைசி இரண்டுக்கு மோதிர விரல் ‘ஜி’யில், நடுவிரல் ‘ஏ’யில். வலது கையில் கட்டைவிரல் ‘ஜி’, ‘சி’ இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஆள்காட்டி விரல் ‘இ’க்கு, நடுவிரல் ‘ஏ’க்கு.

பெரும்பாலும் இரண்டு இடத்தில் கெடும். ‘இ’ 1ஆம் ஃப்ரெட்டை அழுத்திய விரல் சாய்ந்து ‘ஏ’ தந்தியைத் தொட்டால் பின்னால் வரும் ‘ஏ’ சுரம் ‘டக்’ என்று செத்துவிடும். விரல் நுனியைச் செங்குத்தாக வையுங்கள். அந்த விரலை அவசரமாக எடுத்தாலும் மணி ஓசை அறுந்துபோகும். ‘ஜி’, ‘ஏ’ இரண்டும் ஒலிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

வாய்ப்பாட்டு கற்கிறேன். மாயாமாளவகௌளை வரிசைகளை யுகுலேலேயில் வாசிக்கலாமா?
– வாசகர், கோவை

தாராளமாக வாசிக்கலாம். ஆனால் வெறும் ‘சி’ தந்தியை ஷட்ஜமமாக, அதாவது ஒரு கட்டையில், வைக்காதீர்கள். அப்படி வைத்தால் காந்தாரம் வெறும் ‘இ’ தந்தியில் விழும். வெறும் தந்தியில் வழுக்கவோ அசைக்கவோ முடியாது. சுரம் கட்டை மாதிரி நிற்கும். இரண்டு கட்டைக்கு மாறுங்கள். ச: ‘சி’ 2. ரி: ‘சி’ 3. க: ‘இ’ 2. ம: ‘இ’ 3. ப: ‘இ’ 5. த: ‘ஏ’ 1. நி: ‘ஏ’ 4. மேல் ச: ‘ஏ’ 5. எல்லாச் சுரமும் விரலுக்கடியில் வந்துவிட்டது.

நைலான் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி கொஞ்சம்தான் ஏறும். வீணையைப் போல ஒரே மெட்டில் இழுத்துப் பல சுரம் எடுக்க வழியில்லை. ஜாருவை நம்புங்கள்: ‘இ’ 2லிருந்து 3க்கு, அழுத்தத்தைத் தளர்த்தாமல் விரலை நகர்த்தினால் க–ம நெகிழ்வு ஓரளவு கிடைக்கும். மந்திர ஸ்தாயிதான் குறை. ‘சி’க்குக் கீழே சுரமே இல்லை. அதற்கு வழி அடுத்த பதிலில்.

‘லோ ஜி’ தந்தி என்று விற்கிறார்களே, போடலாமா?
– வாசகர், சென்னை

போட்டால் மேல் தந்தி ஒரு ஸ்தாயி இறங்கும். இரண்டு கட்டையில் மந்திர பஞ்சமம் ‘ஜி’ 2இல், தைவதம் 3இல், நிஷாதம் 6இல் கிடைக்கும். மெலடியும் பேஸும் சேர்த்துத் தனியாக வாசிப்பவர்களுக்கு இது பெரிய வரம். பதிலுக்குக் காம்பனெல்லா போய்விடும். இரண்டுமே வேண்டுமென்றால் இரண்டு வாத்தியம் வைத்துக்கொள்வதுதான் உத்தமம்.

புதுத் தந்தி தடிமன் அதிகம் என்பதால் நட்டில் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) உள்ள பள்ளத்தில் முழுதாக இறங்காமல் மேலே நிற்கலாம். அப்போது முதல் இரண்டு ஃப்ரெட்டிலும் சுருதி ஏறிப் பேசும். பள்ளத்தை அராவி அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. கிட்டாரின் ஸ்டீல் தந்தியை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த இழுவிசைக்கு, உடலில் தந்தி கட்டும் பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடும்.

ட்யூனரில் சரியாகக் காட்டுகிறது, கார்டு பிடித்தால் அபஸ்வரம். ஏன்?
– வாசகி, யாழ்ப்பாணம்

தந்தி புதிதென்றால் சில நாள் நீண்டுகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்த பிறகே தொடங்குங்கள். பழைய தந்தியென்றால் 3ஆம் ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு 1ஆம் ஃப்ரெட்டைப் பாருங்கள். தந்திக்கும் அதற்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமிருந்தால் நட் உயரம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துக் குறைக்கலாம். இடைவெளி சரியாக இருந்தால் விரலைக் கவனியுங்கள். தேவைக்கு மேல் அழுத்தினாலே இந்தக் குட்டித் தந்தியில் சுருதி ஏறிவிடும். சுரம் தெளிவாக வரும் அளவுக்கு, ஃப்ரெட்டை ஒட்டினாற்போல் அழுத்தினால் போதும்.