பிளாஷின் காலடியைப் பார்த்தீர்களா?

தை பிறந்தால் வன்னியில் கலியாணங்கள் வரிசைகட்டும். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்கு வரும் கேள்விகளும் ஒரே மாதிரியாகிவிடும்: எந்த பிளாஷ் வாங்குவது, என் கமராவுக்கு அது சரிவருமா? இந்த முறை சேர்ந்தவற்றில் சில.

கனன் 1500டி வைத்திருக்கிறேன். நண்பரின் பிளாஷைப் பூட்டினால் எரியவே இல்லை. அவருடைய பழைய 600டி-யில் நன்றாக எரிகிறது. என் கமரா பழுதா? (விசுவமடு)

பழுதில்லை தம்பி. இரண்டு கமராக்களையும் பக்கத்தில் வைத்து, பிளாஷ் பூட்டும் இடத்தை, அதாவது ஹொட் ஷூவை, மேலிருந்து பாருங்கள். 600டி-யில் நடுவில் ஒரு பெரிய உலோகப் பொட்டும் அதைச் சுற்றிச் சின்னப் பொட்டுகள் நாலும் இருக்கும். 1500டி-யில் அந்த நடுப்பொட்டைக் கனன் எடுத்துவிட்டது. 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றிலும் இதே கதைதான்.

நடுப்பொட்டின் வேலை ஒன்றே ஒன்று: 'இப்போது எரி' என்று சொல்வது. வெளிச்சத்தின் அளவை நாமே கையால் வைக்கும், விலை குறைந்த மனுவல் பிளாஷ்களுக்கு அந்த ஒரு சொல்தான் தெரியும். அது வராவிட்டால் சும்மா இருக்கும். சின்னப் பொட்டுகள் வழியாகத்தான் கமராவும் பிளாஷும் வெளிச்சத்தின் அளவைப் பேசிக்கொள்கின்றன. அதைத்தான் ரீ.ரீ.எல் என்கிறோம். கனனுக்கென்றே செய்த ரீ.ரீ.எல் பிளாஷ் வாங்கினால் உங்கள் கமராவில் எரியும். காசு கொடுக்க முதல் கமராவையும் கடைக்குக் கொண்டுபோய், பூட்டி, நாலு படம் எடுத்துப் பாருங்கள்.

கோடொக்ஸ் பிளாஷ் பெட்டியில் பெயருக்குப் பின்னால் சி, என், எஸ் என்று எழுத்துகள் வருகின்றன. கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்கிறார். (புதுக்குடியிருப்பு)

ஒன்றில்லை. சி கனனுக்கு, என் நிக்கோனுக்கு, எஸ் சோனிக்கு, எஃப் ஃபூஜிக்கு, ஓ ஒலிம்பஸுக்கும் பானசோனிக்குக்கும். எழுத்தே இல்லாத ரீரீ600 வெறும் மனுவல், நடுப்பொட்டு மட்டும் உள்ளது.

இதே 'எல்லாத்துக்கும் ஏறும்' கதையை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்தேன். கிளிநொச்சியில் ஒரு சாமத்தியவீடு. முதல் நாள் அவசரத்தில் வாங்கிய பிளாஷ் என் கனனில் ஏறியதென்னவோ உண்மை. எரியவும் செய்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் முழு வீச்சில். பிள்ளையின் முகம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி. பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: என். மனுவலுக்கு மாற்றி, எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தில் வைத்து ஒருமாதிரி ஒப்பேற்றினேன்.

சோனிக்காரருக்கு இன்னொரு சிக்கல். 2012-க்கு முந்திய சோனி கமராக்களில் மினோல்ராவிலிருந்து வந்த வேறு வடிவப் பூட்டு. அந்தக் காலத்து பிளாஷைப் புதுக் கமராவில் போட இடையில் ஒரு அடப்ரர் வேண்டும்.

ஐயாவின் பழைய விவிற்றார் 283 இன்னும் எரிகிறது. டிஜிற்றல் கமராவில் போடலாமா? (நெடுங்கேணி)

அளந்து பார்க்காமல் போடாதீர்கள். அந்த பிளாஷின் ஆரம்பகால உருப்படிகள் சிலவற்றில், கமராவைத் தொடும் இடத்திலேயே இருநூறு வோல்ற்றுக்கு மேல் நிற்கும். பழைய பிலிம் கமரா அதைத் தாங்கியது, இன்றைய கமராவின் உள்ளிருக்கும் இலத்திரனியல் தாங்கும் என்று நம்பியிருக்க முடியாது. மல்ரிமீற்றரை டீ.சி-யில் உயர்ந்த அளவுக்கு வையுங்கள். பிளாஷைப் போட்டு, தயார் விளக்கு வந்ததும், சிவப்பு முனையை அடியிலுள்ள நடுப்பொட்டிலும் கறுப்பை ஓரத்து உலோகத்திலும் பிடியுங்கள். 6 வோல்ற்றுக்குள் என்றால் பயமில்லை. மேலே போனால் அலுமாரியில் ஞாபகத்துக்கு வையுங்கள். ஒன்று மட்டும்: மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே உள்ள கப்பாசிற்றர் 300 வோல்ற்றளவில் தேக்கி வைத்திருக்கும், நிறுத்தின பிறகும் அடிக்கும்.

பெட்டியில் '60' என்று போட்டிருக்கிறது. அறுபது மீற்றருக்கு அடிக்குமா? (மாங்குளம்)

அடித்தால் நல்லாத்தான் இருக்கும். அது வழிகாட்டி எண். அதை எஃப் எண்ணால், அதாவது லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்ணால், வகுத்தால் எத்தனை மீற்றர் என்று வரும், ஐ.எஸ்.ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 100-இல். கம்பனிகள் பெரும்பாலும் அந்த எண்ணை, பிளாஷ் தலையின் வெளிச்சத்தை 200 மி.மீ லென்ஸுக்கு ஏற்ப ஒடுக்கி வைத்து அளக்கின்றன. கனன் 600இஎக்ஸின் 60-ம் அப்படி வந்ததுதான். அதே பிளாஷ் 35 மி.மீ-இல் 36 தான். எஃப்4-இல் ஒன்பது மீற்றர். ஐ.எஸ்.ஓ-வை 400 ஆக்கினால் தூரம் இரட்டிக்கும், பதினெட்டு. ஒரு மண்டபத்துக்கு அது தாராளம்.

தகரக் கூரை வீட்டில் எங்கே பவுன்ஸ் பண்ணுவது? (மல்லாவி)

நல்ல கேள்வி. பவுன்ஸ் என்றால் பிளாஷை முகத்துக்கு நேரே அடிக்காமல், கூரையிலோ சுவரிலோ பட்டுத் திரும்ப வைப்பது. பிளாஷ் பற்றிய பாடங்கள் எல்லாம் வெள்ளை சீலிங் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதப்படுகின்றன. எங்கள் வீடுகளில் ஓடு, அல்லது தகரம். ஓட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் செங்கல் நிறத்தை அள்ளிக்கொண்டு வரும், மணமகளின் முகம் காய்ச்சல்காரி மாதிரிச் சிவக்கும். தகரம் கண்டபடி சிதறடிக்கும்.

ஆனால் எங்களிடம் வேறொன்று இருக்கிறது. பந்தலுக்குள் மேலே வெள்ளை கட்டியிருந்தால் அதைவிட நல்ல பவுன்ஸ் கிடையாது. மேலேயும் கொஞ்சம் பின்னாலும் பிளாஷின் தலையைத் திருப்பி அடியுங்கள், கூறைச் சேலையின் சரிகை மினுக்கம்கூட அடங்கி வரும். துணியில் பட்டு வரும்போது வெளிச்சம் நிறையக் குறையும், எனவே ஐ.எஸ்.ஓ 800 அளவில் வையுங்கள். இப்போது நீலம், ரோஸ் என்று கலர்த் துணி கட்டுகிறார்களே, அதன் கீழே மட்டும் மேலே அடிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு தம்பியிடம் வெள்ளை ரெஜிஃபோம் பலகையைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஆகவே வாங்கும்போது தலை மேலேயும் பக்கத்துக்கும் திரும்புகிற பிளாஷாகப் பாருங்கள். மேலே மட்டும் திரும்புவது, கமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து எடுக்கும்போது பயன்படாது.

என்ன பற்றரி? (பரந்தன்)

சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். 1.2 வோல்ற்றுத்தானே என்று யோசிக்க வேண்டாம், சாதாரண அல்கலைனைவிட இதில் பிளாஷ் வேகமாகத் தயாராகும். இரண்டு செற் வைத்திருங்கள், கலந்து போடாதீர்கள்.

நிக்கோன் டி5600. இரணைமடு அணைக்கட்டில் மத்தியான வெயிலில் எஃப்2-இல் பிளாஷோடு எடுக்க ஆசை. ஹை ஸ்பீட் உள்ள பிளாஷ் வாங்கவா? (கிளிநொச்சி)

ஹை ஸ்பீட் என்பது வேகமான ஷட்டரோடும் பிளாஷ் எரியும் வசதி. வாங்கினாலும் உங்கள் கமராவில் அது வேலை செய்யாது. டி3000, டி5000 வரிசைகளில் நிக்கோன் அந்த வசதியைத் தரவில்லை, டி7000 வரிசையில் உண்டு. பிளாஷோடு உங்களுக்கு ஷட்டர் வேகம் 1/200 செக்கன்தான் எல்லை. வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸின் முன் பூட்டும் ஒரு என்.டி பில்ற்றர் வாங்குங்கள். இல்லாவிட்டால் பின்னேரம் ஐந்து மணிக்குப் போங்கள், குளமும் அப்போதுதான் அழகு.

சோனி இசட்வி-இ10 மார்க் 2-க்கு? (வவுனியா)

காசை வீணாக்காதீர்கள். அதில் திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டர் இல்லை, பிளாஷ் ஒத்துழைக்காது. எல்.இ.டி லைற் வாங்குங்கள்.

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்த பிறகு பிளாஷ் ஒருமுறை எரிகிறது, ஒருமுறை எரியவில்லை. (முள்ளியவளை)

நந்திக்கடல் உப்புக்காற்று. பொட்டுகளில் மெல்லிய படலம் பிடித்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிறப்பரால் பிளாஷின் காலடியையும் கமராவின் பொட்டுகளையும் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். பற்றரி முனைகளையும் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் அதையும். அதற்குப் பிறகும் விட்டுவிட்டு எரிந்தால், பூட்டும் வளையம் முழுதாக இறுகுகிறதா என்று பாருங்கள். பாதி வழியில் நிற்கும் பிளாஷும் இதே சேட்டைதான் காட்டும்.