பாவம், அப்பாவி!

கேள்வி: யாராவது தடுக்கி விழுந்தால் ‘ஐயோ பாவம்’ என்கிறோம். பாவம் என்றால் தீவினைதானே? விழுந்தவர் என்ன தீவினை செய்தார்? இரக்கம் காட்ட நல்ல தமிழ்ச்சொல் நமக்கு இல்லையா?
– ஒரு தமிழாசிரியை, மன்னார்குடி

பதில்: போன பிறவியில் ஏதாவது செய்திருப்பார். நம் ஊரில் கஷ்டத்துக்குக் காரணம் தேடினால் கடைசியில் அங்கேதான் போய் நிற்போம். நாம் மட்டும் இல்லை, தெலுங்கரும் கன்னடரும் இதே சொல்லை வைத்துத்தான் ‘உச்’ கொட்டுகிறார்கள். மலையாளத்தில் ஏழை எளியவருக்குப் பெயரே ‘பாவங்கள்’.

வேடிக்கை அதில் இல்லை. பாவம் செய்தவன் பாவி, செய்யாதவன் அப்பாவி. சரி. ஆனால் பாவியைப் பார்த்து யாராவது ‘பாவம்’ என்கிறோமா? அப்பாவியைப் பார்த்துத்தான் சொல்கிறோம். ‘பாவம், அவன் அப்பாவி’ என்னும்போது குற்றப்பத்திரிகையும் விடுதலைத் தீர்ப்பும் ஒரே மூச்சில் வாசிக்கப்படுகின்றன. அப்புறம் ‘அடப்பாவி’ இருக்கிறது. அது பக்கத்து மேஜைக்காரருக்குப் பதவி உயர்வு வந்தால் சொல்வது. ‘பாவி மகனே, சாப்பிட்டியா?’ என்று தாய் கேட்டால் அதில் பாவமும் இல்லை, பாவியும் இல்லை; ஆறிப்போன சோறு மட்டும்தான் இருக்கிறது.

நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது: அளி. வள்ளல் பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது கபிலர் ‘அளிதோ தானே பாரியது பறம்பே’ என்று தொடங்குகிறார். இரங்குகிறார் என்று நினைத்து அடுத்த வரிகளுக்குப் போனால், உழவர் உழாமலே விளைகிற நான்கைக் கணக்குச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். சண்டை போட்டு மலையை வாங்க முடியாது, விறலியரோடு யாழ் மீட்டி ஆடிப் பாடி வாருங்கள், பாரி நாட்டையும் குன்றையும் சேர்த்தே தருவான் என்று வேந்தர்களுக்கு யோசனை வேறு. அளி என்றால் இரக்கம். அளித்தல் என்றால் கொடுத்தல். ‘பாவம்’ சொல்லக் காலணா செலவில்லை. நம் மக்கள் எதை வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் பல வருடமாக என்னிடம் ‘அந்தோ’வைச் சிபாரிசு செய்கிறார். இரங்கற் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர் சொல்லலாம். பஸ் படியில் முட்டி பெயர்ந்து கிடப்பவரிடம் ‘அந்தோ!’ என்று சொல்லிப் பார்க்கட்டும். ரத்தத்தைத் துடைக்குமுன் இவரைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

என் சண்டை ‘பரிதாப’த்தோடு. ‘லாரி மோதி வாலிபர் பரிதாப சாவு.’ லாரி மோதி உற்சாகமாகச் செத்தவர் யாராவது உண்டா? இந்த ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் அந்தச் சொல்லை அடித்துக்கொண்டிருக்கிறேன். பிழை திருத்துபவர் மறுபடி சேர்த்துவிடுகிறார். பரிதாபமாக இருக்கிறது.

அதற்கு ஒரு தம்பி உண்டு, அனுதாபம். ‘பாவ’த்தால் சோறு கிடைக்காது, அனுதாபத்தால் ஆட்சியே கிடைக்கும். 1967 ஜனவரியில் குண்டடி பட்ட எம்.ஜி.ஆர். பிரசாரத்துக்குப் போகவே முடியவில்லை; கழுத்துக் கட்டோடு படுத்திருந்த போஸ்டர்தான் போனது. பரங்கிமலையில் ஜெயித்தார். 1984 டிசம்பரில் அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிபட்டி. அதே டிசம்பரில் டெல்லியில், இந்திரா காந்தி கொலையுண்டதை அடுத்து, காங்கிரசுக்கு நானூறு இடங்களுக்கு மேல். ‘அனுதாப அலை’ என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. வடமொழியில் அனுதாபம் என்றால் செய்துவிட்டுப் பிற்பாடு வருந்துவது. எந்தெந்தத் தேர்தலுக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்பதை உங்கள் மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுங்கள்.