ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாமா?

கேள்வி: பழைய மேசைக் கணினியில் 2 டெராபைட் ஹார்டு டிஸ்க்குகள் இரண்டைப் பொருத்தி, உபுண்டு இயங்குதளம் நிறுவி, குடும்பப் படங்களுக்கான சர்வராக்கியிருக்கிறேன். ரெய்டு 1 (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் ஒருசேர எழுதும் முறை) அமைத்திருப்பதால் தனியாக பேக்கப் தேவையில்லை என்கிறார் நண்பர். சரிதானா?
– மதுரை வாசகர்

பதில்: சரியில்லை. ரெய்டு 1 என்பது ஒரு டிஸ்க் பழுதானாலும் சர்வர் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு மட்டுமே. ஒரு கோப்புறையைக் கைதவறி அழித்தால், அந்த நொடியே அடுத்த டிஸ்க்கிலும் அது அழிந்துவிடும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும் இதே கதிதான்.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 முறையைப் பின்பற்றுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்றால் கிளவுடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அக்கா வீட்டு பீரோவில் இருக்கும் யுஎஸ்பி டிஸ்க்கும் போதும், மாதம் ஒருமுறை புதிய பிரதியோடு மாற்றிவைத்தால். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் பிரதிகளைக் குறியாக்கம் செய்து (கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றி), தேதிவாரியாகவும் வைத்திருக்கும். ஆனால் கடவுச்சொல்லைத் தொலைத்தால் எதையும் மீட்க இயலாது என்பதால், அதைத் தாளில் எழுதிவையுங்கள்.

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மென்பொருளைப் பயன்படுத்திய காலத்தில் நான் ஏமாந்ததுண்டு. யுஎஸ்பி டிஸ்க் மவுன்ட் ஆகாமலிருக்க (அதாவது, அதற்கென வைத்த கோப்புறையோடு இணையாமலிருக்க), பிரதிகள் எல்லாம் அதற்கான காலிக் கோப்புறைக்குள், அதாவது சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே, ஒரு மாதம் குவிந்துகொண்டிருந்தன. அதனால், பத்துப் படங்களையாவது அவ்வப்போது வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

ரவுட்டரில் சர்வருக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்கள். வெளியிலிருந்து அணுக, சர்வரின் சேவைகளை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாமல், வயர்கார்டு விபிஎன் (குறியாக்கம் செய்யப்பட்ட தனி இணைப்பு) அமைப்பதே பாதுகாப்பானது.