உயரத்திலிருந்து நுரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மும்பை செம்பூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மாஹுல் பக்கத்து எண்ணெய் டேங்குகள் தெரிகின்றன. அவற்றில் தீப்பிடித்தால், உயரமான கட்டடங்களுக்கு வரும் ஏணி வண்டியைக் கொண்டுபோய் மேலிருந்து நுரையைக் கொட்டிவிடலாம் அல்லவா?

பதில்: வண்டியைக் கொண்டுபோகலாம், கொட்டத்தான் கூடாது. நுரை எண்ணெயின் மேல் போர்வைபோல் படர்ந்து, ஆவி மேலெழாமல் தடுப்பதால்தான் தீ அணைகிறது. உயரத்திலிருந்து வேகமாக விழும் நுரையோ எண்ணெய்க்குள் மூழ்கி, எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு மேலே வந்து, தானே எரியத் தொடங்கும். ஆகவே காற்று வீசிவரும் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பூமின், அதாவது அதன் நீளும் கையின், நுனியிலுள்ள மானிட்டரை (நுரையைப் பாய்ச்சும் பெரிய முனையை) டேங்கின் விளிம்புக்குச் சற்று மேலே கொண்டுவந்து, எதிர்ச்சுவரின் உட்புறத்தில் நுரை பட்டு வழிந்து இறங்கும்படி பாய்ச்ச வேண்டும். டேங்க் பெரிதாக இருந்தால், பல மானிட்டர்களின் பாய்ச்சலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அங்கிருந்துதான் போர்வை பரவும். சுற்றிச் சுற்றி அடிப்பது பார்ப்பதற்குத்தான் சுறுசுறுப்பு. நுரை அமைப்புகளுக்கான அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 11, 18 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள நிலைக்கூரை டேங்குகளுக்கு மானிட்டரை முதன்மைப் பாதுகாப்பாக ஏற்பதில்லை. விளிம்பிலேயே பொருத்தப்பட்டு நுரையை உள்ளே இறக்கும் ஃபோம் சேம்பர்கள்தான் அங்கே முதல் வரிசை.

கேள்வி: எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் பயிற்சியில் இருக்கிறேன். கீழே பம்ப்பில் 10 பார் அழுத்தம் இருந்தால், 30 மீட்டர் உயரத்திலுள்ள மானிட்டருக்குப் போதுமா?

பதில்: போதாது. ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 பார் குறையும். அப்படியானால் மேலே 7 பார்தான் மிஞ்சும். பெரும்பாலான மானிட்டர்கள் கேட்பது அந்த 7 பாரைத்தான் என்றாலும், ஹோஸிலும் பூமின் குழாயிலும் உராய்வால் போகும் அழுத்தத்தை இந்தக் கணக்கில் நாம் இன்னும் சேர்க்கவில்லை. நிமிடத்துக்கு 2,000 லிட்டர், 7 பாரில் வெளியேறும்போது, மானிட்டர் ஏறத்தாழ 125 கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு பின்னால் தள்ளும் என்பதால், வால்வை மெல்லத் திறப்பதும், கூண்டில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதை வண்டியின் சுமை அட்டவணையில் பார்ப்பதும் கட்டாயம்.

அழுத்தத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது கையிருப்பைப் பற்றி. 18 மீட்டர் விட்டமுள்ள பெட்ரோல் டேங்கின் பரப்பு ஏறத்தாழ 254 சதுர மீட்டர். மானிட்டருக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 6.5 லிட்டர் என்ற வீதத்தில், 65 நிமிடங்களுக்கு தண்ணீரும் நுரைத் திரவமும் கலந்த கரைசல் ஏறத்தாழ 1,07,500 லிட்டர் வேண்டும். கரைசலில் 3 சதவீதம் திரவம் சேர்க்கும் வகையானால், அதில் நுரைத் திரவம் மட்டும் 3,200 லிட்டருக்கு மேல். ஃபோம் சேம்பருக்கு 4.1 லிட்டர் போதுமானதாக இருக்க, மானிட்டருக்குக் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம், வழியிலேயே காற்றும் அனலின் மேலெழுச்சியும் ஒரு பங்கைப் பறித்துக்கொள்வதுதான். முழு இருப்பும் வந்து சேரும்வரை, பக்கத்து டேங்குகளைத் தண்ணீரால் குளிர்வித்தபடி காத்திருப்பதே நல்லது. பாதியில் திரவம் தீர்ந்தால், போட்ட போர்வையும் கலைந்து, செலவழித்ததெல்லாம் வீணாகிவிடும்.

கேள்வி: தலோஜாவில் எத்தனால் சேமிக்கிறோம். எண்ணெய்த் தீக்கான சாதாரண ஏ.எஃப்.எஃப்.எஃப். நுரை போதுமா?

பதில்: போதாது. எத்தனால் நுரையிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, போர்வையை உடைத்துவிடும். ஆல்கஹாலைத் தாங்கும் வகையை வாங்குங்கள். அதையும் சுவரில் வழியவிட்டு, மிக மென்மையாகவே இறக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் சொசைட்டி 22 மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் நுரை மானிட்டர் வைக்கச் சொல்லி ஒரு விற்பனையாளர் வற்புறுத்துகிறார்.

பதில்: வேண்டாம். வீடுகளில் எரிவது மரமும் துணியும் பிளாஸ்டிக்கும். அவற்றுக்குத் தண்ணீரே போதும். ஜெனரேட்டரின் டீசல் டேங்க் இருக்கும் இடத்தில் 9 லிட்டர் நுரை அணைப்பான்கள் வையுங்கள். மீதிப் பணத்தில் ஹைட்ரண்ட் பம்ப்பைப் பழுது பாருங்கள்.

கேள்வி: புளோரின் இல்லாத நுரைக்கு மாறச் சொல்கிறார்கள். இருக்கும் சாதனங்களிலேயே பயன்படுத்தலாமா?

பதில்: சோதித்துப் பார்க்காமல் கூடாது. சுற்றுச்சூழலில் அழியாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், புளோரின் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். 2009-லும், பி.எஃப்.ஓ.ஏ. 2019-லும் சேர்க்கப்பட்டதிலிருந்து பழைய வகைகள் விலகி வருகின்றன. புதியவை எண்ணெயில் மூழ்கினால் பழையவற்றைவிட எளிதில் கெடும். பல வகைகள் கெட்டியாகவும் இருப்பதால் திரவத்தைத் தண்ணீரில் கலக்கும் பழைய கலப்பான்கள் சரியான விகிதத்தில் உறிஞ்சுவதில்லை. எனவே முனையையும் கலப்பானையும் தயாரிப்பாளரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். பழைய திரவம் இருந்த தொட்டியைக் கழுவாமல் புதியதை ஊற்றாதீர்கள்.