நைட்டால் காட்டாதது

அன்புள்ள ஐயா,

கப்பலூரில் ஒரு வார்ப்பாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். இரும்பு விண்கல்லை அறுத்து, பாலிஷ் செய்து, நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) தடவினால் விட்மான்ஸ்டேட்டன் கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். எஃகுக்கு நாங்கள் செய்வதும் அதேதான். பிறகு எலக்ட்ரான்களைப் படிகத்தில் சிதறவிட்டுப் பார்க்கும் எலக்ட்ரான் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) எதற்கு? அந்த அமைப்பை எங்கள் உலையில் கொண்டுவர முடியாதா?

அன்புள்ள தம்பி,

இந்தக் கேள்வி உங்கள் தொழிலில் இருப்பவருக்குத்தான் வரும். நீங்கள் தினமும் பார்க்கும் ஃபெரைட், ஆஸ்டினைட் என்ற இரும்பின் இரு படிக வடிவங்கள்தான் விண்கல்லில் கமாசைட், டேனைட் என்ற பெயரில் இருக்கின்றன. நிக்கல் குறைந்தது கமாசைட், கூடியது டேனைட். பத்து லட்சம் ஆண்டுக்குச் சில டிகிரி முதல் சில ஆயிரம் டிகிரி வரை என்ற வேகத்தில் ஆறியதால் கமாசைட் தகடுகள் அவ்வளவு பெரிதாக வளர்ந்தன. நைட்டால் இரண்டையும் ஒரே அளவில் அரிப்பதில்லை. கோடு தெரிவது அதனால். எல்லை எங்கே என்று அமிலம் சொல்லும். எல்லைக்கு இரு பக்கமும் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லாது.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் நின்று மெல்லத் திரும்பிப் பாருங்கள். சில திசைகளில் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து நீளமான சந்துகள் திறக்கும். படிகத்துக்குள்ளும் அப்படித் தளங்கள் உண்டு. 200 கிலோவோல்ட்டில் எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 0.0025 நானோமீட்டர், அணு இடைவெளியைவிட மிகச் சிறியது. அந்தத் தளங்களில் சிதறி அது திரையில் புள்ளிகளாக விழுகிறது. புள்ளிகளின் இடைவெளியையும் கோணத்தையும் அளந்தால் அடுக்கு தெரிந்துவிடும். 1927இல் டேவிசனும் ஜெர்மரும் இதை முதலில் கண்டது ஒரு நிக்கல் படிகத்தில்தான் என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் செய்தி.

இனி முக்கியமான இடம். டேனைட் ஓரத்தில், சுமார் 320 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இரும்பும் நிக்கலும் ஓர் அடுக்கு இது, ஓர் அடுக்கு அது என்று மாறிமாறி உட்கார்ந்துவிடுகின்றன. 1980இல் இதற்கு டெட்ராடேனைட் என்று பெயர் வைத்தார்கள். சாதாரண வெளிச்சத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வழக்கமான டேனைட்டிலிருந்து பிரித்தறிவது கடினம். எலக்ட்ரான் படத்தில், டேனைட்டுக்கு இருக்கக்கூடாத இடங்களில் மங்கலாகச் சில புள்ளிகள் கூடுதலாக வரும். அந்த மங்கல் புள்ளிதான் சாட்சி. எக்ஸ்ரேயில் இது சிரமம்: இரும்பின் அணு எண் 26, நிக்கலுடையது 28, இரண்டும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். போதாததற்கு இந்தத் துகள்கள் பல நேரம் சில பத்து நானோமீட்டர்தான். எலக்ட்ரான் கற்றையை அந்த அளவுக்குக் குவிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஸ்கேனிங் மைக்ரோஸ்கோப்பில் மாதிரியை 70 டிகிரி சாய்த்துச் செய்யும் இபிஎஸ்டி (பின்சிதறும் எலக்ட்ரான்களின் விளிம்பு விளைவு) முறையில் கமாசைட்டும் டேனைட்டும் எந்தத் திசையில் பொருந்தியிருக்கின்றன என்று அழகான வரைபடம் எடுக்கலாம். ஆனால் டெட்ராடேனைட்டை அது பெரும்பாலும் டேனைட் என்றே எண்ணிவிடும். அதன் வடிவம் கனசதுரத்திலிருந்து அவ்வளவு குறைவாகவே விலகியிருக்கிறது. டெட்ராடேனைட்டைப் பிரித்தறிய மாதிரியைச் சுமார் 100 நானோமீட்டருக்கு மெலிதாக்கி டிரான்ஸ்மிஷன் மைக்ரோஸ்கோப்பில்தான் வைக்க வேண்டும்.

சரி, உங்கள் உலை. அவ்வளவு பெரிய கோடுகள் வளர உங்கள் உலையில் காலம் போதாது. டெட்ராடேனைட்டின் அடுக்கோ இன்னும் கடினம். 320 டிகிரிக்குக் கீழே அணுக்கள் அநேகமாக நகர்வதே இல்லை, ஆகவே வெறும் சூடாக்கி ஆறவிட்டால் அந்த அடுக்கு வராது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் இயற்பியலாளர் லூயி நேயெலும் சகாக்களும் இரும்பு-நிக்கல் கலவையை நியூட்ரான்களால் தாக்கி இந்த அடுக்கைக் கொண்டுவந்தார்கள். அணுக்கள் இடம் மாறத் தேவையான காலி இடங்களைப் படிகத்துக்குள் நியூட்ரான்கள் உண்டாக்கிக் கொடுத்தன.