கம்பனிக் காசு ஏன் வருசத்துக்கு வருசம் இடம் மாறுது? கேள்வி பதில்

மட்டக்களப்பில் நிறுவனங்களின் சமூகப் பணிக் கணக்குகளோடு பல வருடம் மாரடித்தவன் என்பதால் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அண்ணா, முந்தி வீடும் வள்ளமும் தந்தவர்கள் இப்போது கொப்பியும் பையும்தான் தருகிறார்கள். ஏன்?

தம்பி, வருடத்தைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடிக்கும் மருதமுனைக்கும் வீடும் வள்ளமும்தான் தேவை. இலங்கைக் கரையில் சில இடங்களில் தேவைக்கு மேலேயே வள்ளம் வந்து குவிந்தது. 2009இல் யுத்தம் முடிய பாடசாலைக் கட்டடம், 2015இல் ஐநாவின் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் வந்தபின் ஆண்டறிக்கை முழுக்கக் கண்டல் நடுகை, 2020இல் மாஸ்க், 2022இல் உலர் உணவுப் பொதி. காசு செய்திக்குப் பின்னால்தான் ஓடும்.

ஆரையம்பதியிலிருந்து: ஒரு கம்பனி 2021இல் 10 இலட்சமும் 2023இல் 15 இலட்சமும் கொடுத்தால் கூட்டியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. முதல் 10 இலட்சத்துக்கு வாங்கிய பொருளை இப்போது 15க்கு வாங்க ஏலாது. ரூபாயை விட்டுவிட்டு, இலாபத்தில் எத்தனை வீதம் கொடுத்தார்கள், அதில் கல்விக்கு எவ்வளவு, சுகாதாரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: இந்தியா மாதிரி இங்கே கட்டாயம் இல்லையா?

இல்லை. அங்கே 2013 கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி பெரிய கம்பனிகள் முந்தைய 3 வருடச் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். இங்கே மனம் வைத்தால்தான், அதுவும் மேலே இருக்கிற ஆள் மாறினால் தலைப்பும் மாறிவிடும்.

வவுணதீவிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் பாடசாலைக்குத் தந்த தண்ணீர் வடிகட்டி பழுது. தந்தவர்கள் இப்போது மரம் நடுகிறார்களாம்.

டீச்சர், உங்கள் பக்கம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில், இதையே நானும் பார்த்தேன். தாங்கிக்கு மேலே பெயர்ப்பலகை பளபளவென்று இருக்கிறது, உள்ளே வடிகட்டி தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறம், பிள்ளைகள் பக்கத்துக் கிணற்றில் அள்ளுகிறார்கள், திருத்துகிறதற்கான விலைக்கூறல் அதிபரின் லாச்சிக்குள் கிடந்து மஞ்சளாகிவிட்டது. புதிதாகத் திறந்தால் நாடா வெட்டிப் படம் போடலாம், பழையதைத் திருத்தினால் என்னத்தைப் போடுவது? பராமரிப்பு என்ற தலைப்பை நான் பார்த்த ஆண்டறிக்கைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அநேக கம்பனிகளின் கணக்கு மார்ச் 31இல் முடியும். ஜனவரியிலேயே புது விலைக்கூறலோடு எழுதுங்கள், 3 வருடத்துக்கான வடிகட்டிகளையும் சேர்த்துக் கேளுங்கள். பழுதான வடிகட்டியின் படத்தையும் வையுங்கள். அவர்களின் பெயர்ப்பலகையும் சேர்ந்து விழுகிற மாதிரி எடுத்தால் பதில் கெதியாக வரும்.