பழைய அம்பாசடருக்கு ஏசி: கொட்டேஷனில் வராத செலவுகள்

கேள்வி: அப்பா வாங்கிய 1986 மார்க் 4 பெட்ரோல் அம்பாசடர் இன்னும் நன்றாக ஓடுகிறது. ஆனால் திருச்சி வெயிலில் ஏப்ரல், மே மாதங்களில் அம்மாவை அதில் உட்கார வைக்க முடியவில்லை. ஏசி போட விசாரித்தேன். ஒரு கடையில் 38,000 ரூபாய், இன்னொரு கடையில் 75,000 ரூபாய். கேட்டால் இரண்டு பேருமே "ஃபுல் செட் சார்" என்கிறார்கள். யாரை நம்புவது? இன்ஜின் தாங்குமா?
- வாசகர், திருச்சி

பதில்: தாங்கும். அம்பாசடர் பானட்டுக்குள் இடத்துக்குப் பஞ்சமில்லை. கேஸை அழுத்தி ஓட்டுகிற கம்ப்ரஸர் வைக்கவும் இடம் உண்டு, ரேடியேட்டருக்கு முன்னால் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டன்சர் வைக்கவும் இடம் உண்டு. 1489 சிசி இன்ஜின், புதிதில் சுமார் 50 குதிரைத்திறன் கொடுத்தது. கம்ப்ரஸர் அதில் மூன்றிலிருந்து ஐந்து வரை பிடுங்கிக்கொள்ளும். சமதளச் சாலையில் இது தெரியாது. மேம்பாலம் ஏறும்போதும், லாரியை ஓவர்டேக் செய்யும்போதும் நன்றாகவே தெரியும். வண்டியை நிதானமாக ஓட்டுகிற வீட்டுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

ஆனால் ஏசி கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் போங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தாலோ, சைலன்சரில் நீலப் புகை வந்தாலோ முதலில் இன்ஜின் வேலை. இப்போதே டிராஃபிக்கில் ஹீட் ஆகிற வண்டி, ஏசி போட்ட முதல் வாரமே நடுரோட்டில் தண்ணீர் கொதித்து நிற்கும்.

இனி அந்த இரண்டு விலைக்கு வருவோம். "ஃபுல் செட்" என்பதற்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. கம்ப்ரஸர், கண்டன்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸைக் குளிர விரியவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு, டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் கூலிங் காயில் பெட்டி, ஹோஸ், கேஸ் இவ்வளவும் இரண்டு கொட்டேஷனிலும் இருக்கும். வித்தியாசம் இவற்றுக்கு வெளியேதான் வரும். எனவே இரண்டு பேரிடமும் ஒரே தாளைக் கொடுத்து, ஒவ்வொரு சாமானும் புதுசா, பழசா, என்ன கம்பெனி, வாரன்டி எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற கடை எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம்.

கம்ப்ரஸரைத்தான் முதலில் கேட்க வேண்டும். குறைந்த விலை சொன்ன கடையில் அது பெரும்பாலும் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தையிலிருந்து வந்த பழைய கம்ப்ரஸராக இருக்கும். பழசு என்பதாலேயே அதைத் தள்ளிவிட வேண்டாம். பூட்டுவதற்கு முன் உங்கள் கண் எதிரில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஹோஸ் மாட்டுகிற துளையில் ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி விட்டு எடுங்கள். எண்ணெய் தெளிவாக, லேசான மஞ்சளில் இருந்தால் பரவாயில்லை. கறுப்பாகவோ, வெளிச்சத்தில் வெள்ளிப்பொடி மின்னுவது போலவோ இருந்தால் அது உள்ளே தேய்ந்துவிட்டது. அந்தப் பொடி புதுக் கண்டன்சர், புது வால்வு எல்லாவற்றையும் அடைத்து, மொத்தச் செலவையும் வீணாக்கிவிடும். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும்.

அடுத்தது கரன்ட். இதை யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை. புளோயர், கண்டன்சர் ஃபேன், கம்ப்ரஸர் கிளட்ச் மூன்றும் சேர்ந்தால் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வண்டிக்குக் கரன்ட் தருகிற அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே கொடுப்பது 22 ஆம்பியர் அளவுதான். இன்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது அதுவும் கிடையாது. உங்கள் வண்டியில் டைனமோ இருக்கிறதா, யாராவது ஆல்டர்னேட்டராக மாற்றிவிட்டார்களா என்று பாருங்கள். நீளமான உருளையாக இருந்தால் டைனமோ. குட்டையாக, தடியாக, அலுமினிய மூடியில் காற்றுப் போகும் ஓட்டைகளோடு இருந்தால் ஆல்டர்னேட்டர். டைனமோ என்றால் ஆல்டர்னேட்டர் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றாமல் போட்டால் இரவில் ஹெட்லைட்டும் ஏசியும் ஒன்றாகப் போடவே முடியாது. காலையில் வண்டியைத் தள்ள ஆள் கூப்பிட வேண்டியிருக்கும். வயரிங்கும் இக்னிஷன் சாவியிலிருந்து இழுத்ததாக இருக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே வைத்து வர வேண்டும்.

ரேடியேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழற்றி ராடு விட்டு சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முடிந்தால் குழாய் வரிசை ஒன்று கூடுதலாக உள்ள கோர் போடுங்கள். கண்டன்சர் வெளியே தள்ளுகிற சூடெல்லாம் இனி அதன் மேல்தான் அடிக்கும்.

பிராக்கெட் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். அம்பாசடருக்கென்றே செய்த கம்ப்ரஸர் பிராக்கெட் கிடைக்காவிட்டால் லேத்தில் தகடு வெட்டி வெல்டு செய்துவிடுவார்கள். மெல்லிய தகடாக இருந்தால் அதிர்விலேயே விரிசல் விடும். தடித்த தகடு, இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்த மாதிரி, பெல்ட் இரண்டு புல்லியிலும் ஒரே நேர்க்கோட்டில் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். பெல்ட் கொஞ்சம் கோணினாலும் ஒவ்வொரு தடவை ஏசி போடும்போதும் கீச்சென்று கத்தும்.

இரண்டு சின்ன சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது ஐட்லிங்கைத் தானாகக் கொஞ்சம் ஏற்றிவிடும் சாதனம். இது இல்லாவிட்டால் சிக்னலில் வண்டி அணைந்து அணைந்து போகும். இரண்டு, பிரஷர் சுவிட்ச். கேஸ் குறைந்தாலோ, ஃபேன் நின்று அழுத்தம் ஏறினாலோ கம்ப்ரஸரை நிறுத்துவது இதுதான். மலிவான வேலைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் கண்டன்சர் ஃபேன் பழுதான அன்று ஹோஸோ கம்ப்ரஸரோ போய்விடும்.

கேஸ் அடிக்கிற அன்று கூடவே இருங்கள். முதலில் பம்பு வைத்து குறைந்தது அரை மணி நேரம் வேக்யூம் இழுக்க வேண்டும். அப்புறம் பம்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, கேஜில் முள் திரும்பி ஏறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் எங்கோ லீக். "டைம் இல்ல சார், அப்படியே அடிச்சிடலாம்" என்றால் விடாதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும். நாளடைவில் அமிலமாகி உள்ளேயே அரிக்கும். கேஸை சிலிண்டரைத் தராசில் வைத்து எத்தனை கிராம் என்று அளந்து அடிக்க வேண்டும். கை அனுபவத்தில் அடிப்பவர்கள் பெரும்பாலும் கூடத்தான் அடிப்பார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வண்டி குளிரவில்லை என்று பலர் புலம்புவார்கள். கம்ப்ரஸர் சின்னது, பெரிசு போடு என்று கடையில் சண்டை போடுவார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தப் பணத்தில் பாதியை வண்டியின் உடம்புக்குச் செலவழிக்கலாம். அம்பாசடரின் இரும்புக் கூரை மதிய வெயிலில் தோசைக்கல்தான். டாப் லைனிங்கைப் பிரித்து உள்பக்கம் வெப்பத் தடுப்பு ஷீட் ஒட்டுங்கள். இன்ஜினுக்கும் காலுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒயர், பெடல், ஸ்டியரிங் தண்டு வருகிற ஓட்டைகளைப் பாருங்கள். பழைய ரப்பர்கள் உதிர்ந்து, அது வழியாக இன்ஜின் சூடு நேராக உள்ளே வரும். கதவு பீடிங், கதவின் முன்மூலையில் முக்கோணக் கண்ணாடி இருந்தால் அதன் ரப்பர், மிதியடிக்குக் கீழே உள்ள மேட்டிங் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை போட்டிருக்கிறது.

வேலை முடிந்ததும் சாயங்காலம் வண்டியை எடுக்கப் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். வெயிலில் நிறுத்தி, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஏசியை முழுசாகப் போட்டு 20 நிமிடம் உள்ளே உட்காருங்கள். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடாமல், வண்டி அணையாமல், சார்ஜ் விளக்கு எரியாமல் இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுங்கள். அதுவரை மூன்றில் ஒரு பங்காவது கையில் இருக்கட்டும்.

38,000-க்கு இவ்வளவும் வராது. 75,000 கேட்டவரிடம் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று வரி வரியாகக் கேளுங்கள். இருந்தால் அவரிடமே போங்கள். இல்லையென்றால் அவரும் முதல் கடைக்காரர்தான், விலைதான் கூட.

கேள்வி: என் பிரீமியர் பத்மினிக்கு ஆறு மாதத்துக்கு முன் ஏசி போட்டேன். அதற்குள் மூன்று தடவை கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி, ஒவ்வொரு தடவையும் பணம் வாங்கிக்கொண்டு கேஸ் அடித்தார்கள். கேட்டால், "பழைய வண்டி, கேஸ் குடிக்கத்தான் செய்யும்" என்கிறார்கள். பில் தரவில்லை, எஸ்டிமேட் என்று ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கிறது.
- வாசகி, கோவை

பதில்: கேஸ் பெட்ரோல் அல்ல, எரிந்து தீர. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. ஆறு மாதத்தில் மூன்று தடவை தீர்ந்தால் லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் மறுபடி கேஸ் அடித்தது அவர்கள் குறை, வண்டியின் வயசு அல்ல. நைட்ரஜன் அடைத்து சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது, சாயம் கலந்து விளக்கில் பார்ப்பது என்று வழிகள் உண்டு. இணைப்புகளில் எண்ணெய்க் கசிவும் தூசியும் சேர்ந்து ஒட்டியிருக்கிற இடத்தை முதலில் பாருங்கள். பெரும்பாலும் லீக் அங்கேதான் இருக்கும்.

வேறொரு கடையில் லீக் எங்கே என்று மட்டும் பார்த்து எழுதி வாங்குங்கள், சரி செய்ய வேண்டாம். படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய கடைக்கு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ்: இன்ன தேதியில் வேலை, இவ்வளவு பணம், லீக்கை இலவசமாகச் சரி செய்யுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், 15 நாள் அவகாசம். பில் இல்லை என்று பயப்படாதீர்கள். அந்தத் துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய போன் பதிவு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் ஆதாரம்தான். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான வணிக நடைமுறை.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல கடைகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வரும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: என்னிடம் உள்ள காண்டெஸாவில் பழைய ஆர்12 கேஸ் ஏசி இருக்கிறது. "அதே மாதிரி வேலை செய்யும்" என்று ஒருவர் குறைந்த விலையில் வேறு கேஸ் அடித்துத் தருகிறார். அடிக்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்திய 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஆர்12 2010-லேயே நிறுத்தப்பட்டது. இப்போது "அதே மாதிரி" என்று வருவது பல சமயம் சமையல் கேஸ் வகையறா. குளிர்விக்கும், சந்தேகமில்லை. ஆனால் தீப்பிடிக்கும் பொருளை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிற கூலிங் காயிலுக்குள் அடைக்கிறீர்கள். கலப்படம் இதைவிட மோசம். மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் அலுமினியத்தோடு வினைபுரிந்து, 2011-ல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

முறையாக ஆர்134ஏ என்ற கேஸுக்கு மாற்றுங்கள். கம்ப்ரஸரில் உள்ள பழைய மினரல் எண்ணெய் இந்த கேஸோடு கலக்காது. அதை வெளியேற்றி, எஸ்டர் எண்ணெய் ஊற்றி, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்ற வேண்டும். வெயில் நாளில் ஆர்134ஏ-வின் அழுத்தம் கூடுதல் என்பதால் பழைய கண்டன்சர் திணறலாம். செலவு ஒத்து வந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு ஏசி போட ஆசை.
- வாசகர், சென்னை

பதில்: ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். 948 சிசி இன்ஜினில் கம்ப்ரஸரைக் கட்டினால் வண்டி நகரும், அவ்வளவுதான். ஹெரால்டில் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். கண்டன்சரையும் ஹோஸையும் அதில் இடிக்காமல் பொருத்த எதையாவது வெட்ட வேண்டி வரும். அதோடு, 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனிவகையாகப் பதிவு செய்து "விஏ" நம்பர் தரும் விதி 2021-ல் வந்தது. அதற்கு வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சென்னையிலேயே தயாரான வண்டி வேறு. கூரைக்கு வெப்பத் தடுப்பு போடுங்கள், 12 வோல்ட் ஃபேன் ஒன்று வையுங்கள், காலை ஒன்பது மணிக்குள் ஓட்டுங்கள்.

கேள்வி: வெளியில் போட்ட ஏசிக்கு இன்சூரன்ஸ் உண்டா?
- வாசகர், சேலம்

பதில்: பாலிசியில் தனியாக எழுதியிருந்தால் மட்டும். மின்சாதனப் பொருத்தம் என்று அதன் மதிப்பைச் சொல்லி, பொதுவாக அந்த மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். ரசீது கேட்பார்கள், அதனால் ஏசி போட்ட பில்லைத் தொலைக்காதீர்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது.